பூண்டியிலிருந்து சோழமண்டலம் வரை

திருப்பூர் ரயில்வே ஸ்டேஷனில் வந்து இறங்குகிற பிரயாணி, ஊரைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் காதால் கேட்டுவிடுவார். சந்துதோறும், மாடிதோறும், தகரக் கொட்டகைதோறும் தையல் யந்திரங்கள் ஒரே சுருதியில் ரீங்காரம் செய்துகொண்டிருக்கும். ஸ்டேஷனுக்கு அருகிலேயே கொடி காத்த குமரனின் நினைவகம் இருக்கிறது. 1932-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 10-ஆம் தேதி இவ்வூர் வீதியில் தேசியக் கொடியை ஏந்திச் சென்று, தடியடி பட்டு, மறுநாள் உயிர் நீத்த அந்த இளைஞரை அறியாத தமிழர் இல்லை. அவர் காலத்தில் திருப்பூர் கதருக்குப் பேர் போனது. நம் காலத்தில் பனியனுக்குப் பேர் போனது. கதர் போய்ப் பனியன் வந்தாலும் நூல் மட்டும் இவ்வூரை விட்டுப் போகவில்லை.

நூல் உள்ள இடத்தில் துண்டும் இருக்கும் அல்லவா? துணியை அடுக்கி வெட்டும்போது கழிந்து விழும் துண்டுகளுக்கு இவ்வூரில் ‘கட்டிங் வேஸ்ட்’ என்று பெயர். மூட்டை மூட்டையாகக் கட்டி, எடை போட்டு விற்பார்கள். அதில் ஒரு பகுதி யந்திரங்களைத் துடைக்கப் போகும். ஒரு பகுதி மறுபடியும் பஞ்சாகி நூலாகும். அதிலிருந்து ஒரு காளை மாடும் பிறக்கக் கூடும் என்பது சென்ற வருஷம் வரையில் நமக்குத் தெரியாது.

நாம் இவ்வூரில் உபாத்தியாயர் தொழில் பார்ப்பவர். பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு நாள் காலையில் சாக்குப் பை ஒன்றைத் தூக்கி வந்து நம் மேஜைமேல் வைத்தான். அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே ஒரு காங்கேயம் காளை! ஆட்டுக்குட்டி அளவு உயரம். கம்பி வலைக்குள் பனியன் துண்டுகளைத் திணித்து உடம்பு செய்திருந்தான். நூல் சுற்றி வரும் காகிதக் கோன் திமிலாகியிருந்தது. முறுக்கிய செம்புக் கம்பி கொம்பு. ஒடிந்துபோன தையல் ஊசிகளைக் கோத்துக் கழுத்துச் சலங்கை. மேல் துணியெல்லாம் சாம்பல் நிறம். விலாப் பக்கம் மட்டும் ஓரிடத்தில் கிழித்துவிட்டாற்போல் உள்ளே சிவப்புத் துணி தெரிந்தது.

“இதென்னப்பா, மாட்டுக்குக் காயமா?” என்று கேட்டோம்.

“இல்லீங்க ஸார். கன்னா இருக்கறப்ப செவலையாத்தானுங்க பொறக்கும். வளந்தாத்தானுங்க மயிலையாகும். அந்தச் செவலை உள்ளாரயே இருக்குதுங்க” என்றான்.

இருபது வருஷமாகப் பாடம் நடத்திய நமக்கு அந்தக் கணத்தில் பேச்சு எழவில்லை. காங்கேயம் கன்றுகள் சிவப்பாகப் பிறந்து சில மாதங்களில் நிறம் மாறுவது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்ததை இப்படிச் சொல்லத் தெரிந்தவன் அவன் ஒருவனே.

தகப்பனாரின் கேள்வி

மறுவாரம் பையனுடைய தகப்பனார் பள்ளிக்கூடத்திற்கு வந்தார். பன்னிரண்டு ‘பவர் டேபிள்’ மிஷின் போட்டுத் தையல் கான்ட்ராக்ட் எடுப்பவர். கையில் காளைச் சாக்கு; முகத்தில் கவலை.

“வாத்தியாருங்க, நீங்க நல்லா இருக்குதுன்னு சொல்லிப் போட்டீங்களாமா. அவன் ராத்திரியெல்லாம் தூங்கறதில்லீங்க. சிற்பக் காலேசுக்குப் போறேங்கறான். நான் படிக்காதவனுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இது சோறு போடுமுங்களா?”

நேயர்களே, இந்தக் கேள்வியை எள்ளி நகையாடுவது எளிது. அவர் நிலையிலிருந்து பார்த்தால் எளிதல்ல. ஆர்டர் நின்றால் கூலி நிற்கும். கூலி நின்றால் வட்டி நிற்காது என்பதை அனுபவித்தவர் அவர். 2011-ஆம் வருஷம் ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு காரணமாகச் சாயப் பட்டறைகளை மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, தம்முடைய மிஷின்கள் பல வாரம் ஓடாமல் கிடந்ததை நமக்கு விவரமாகச் சொன்னார்.

நமக்கும் ஒரு குற்றவுணர்ச்சி உண்டு. பத்து வருஷத்துக்கு முன் கரும்பலகையில் அற்புதமாகப் படம் போடும் மாணவன் ஒருவன் நம்மிடம் படித்தான். “முதலில் மார்க்கு, பிறகு படம்” என்று நாமே சொன்னோம். இப்போது அவன் ஒரு கம்பெனியில் ‘செக்கிங்’ பகுதியைக் கவனிக்கிறான்; சம்பளத்துக்குக் குறைவில்லை. சந்திக்கும்போதெல்லாம், “இப்ப யாருங்க ஸார் போர்டுல படம் போடறாங்க?” என்று மட்டும் கேட்பான். வேறொன்றும் கேட்பதில்லை.

ஆகவே, “ஒரு மாதம் தவணை கொடுங்கள், விசாரித்துச் சொல்கிறோம்” என்று தகப்பனாரிடம் சொன்னோம். “நானும் கூட வாரனுங்க” என்றார். அப்படித் தொடங்கியதுதான் இந்தப் பிரயாணம்.

திருமுருகன்பூண்டி

திருப்பூரிலிருந்து அவிநாசி செல்லும் சாலையில் நள்ளாற்றங்கரையில் இருக்கிறது திருமுருகன்பூண்டி. கொங்கு நாட்டின் பாடல் பெற்ற தலங்கள் ஏழில் ஒன்று. சேரமான் பெருமாளிடம் விடைபெற்றுப் பொன்னும் பொருளுமாய்த் திரும்பி வந்த சுந்தரரை, இந்த வழியில் சிவபெருமானுடைய பூதகணங்களே வேடர் உருவம் கொண்டு கொள்ளையடித்தன என்பது புராணம். சுந்தரர் விடவில்லை, கோயிலுக்குள் சென்று இறைவனையே தட்டிக் கேட்டுப் பாடிப் பொருளைத் திரும்பப் பெற்றார். கலைஞன் தன் கூலியை அதட்டி வாங்கிய கதைகளில் இதுவே தலைசிறந்தது என்று பையனிடம் சொன்னோம். தகப்பனார் சிரித்தார்.

ஊரில் நுழையும்போதே சாலையோரத்தில் நந்திகளும் விநாயகர்களும் நம்மை வரவேற்கின்றன. சில பிள்ளையாருக்குத் துதிக்கை முடிந்திருக்கும், காது முடிந்திராது. உளியின் ஓசை காலை முதல் ஓய்வதில்லை. இப்போது மின்சார அறுவை யந்திரத்தின் கூச்சலும் சேர்ந்துகொண்டிருக்கிறது. வெள்ளைப் பொடி படிந்து, சிற்பிகளும் சிலைகளைப் போலவே காட்சி தருகிறார்கள். இவர்கள் கையில் உருவான தெய்வங்கள் பல ஊர்க் கோயில்களில் பூஜை பெறுகின்றன.

வயது முதிர்ந்த ஸ்தபதி ஒருவர் எங்களை நிழலில் உட்காரவைத்துப் பேசினார். கல்லைத் தேர்ந்தெடுப்பதே பாதி வேலை என்றார். சுத்தியால் தட்டினால் கணீரென்று மணி போல் ஒலிக்கும் கல் ஆண் கல். தாளம் போல் மென்மையாக ஒலிப்பது பெண் கல். ஓசை எழும்பாத கல் தரைக்கும் படிக்கும் ஆகுமே தவிர மூர்த்திக்கு ஆகாது. முகத்தின் நீளம் ஒரு தாளம். தாளத்துக்குப் பன்னிரண்டு அங்குலம். இந்த அங்குலம் அடிக்கோலில் உள்ள அங்குலமல்ல. சிலையின் அளவுக்கேற்ப ஏறி இறங்குவது. உத்தம தசதாளம் என்ற அளவில் உச்சி முதல் பாதம் வரை 124 அங்குலம் வரும். பெருந்தெய்வங்களுக்கு அந்த அளவு. எல்லாம் முடிந்த பிறகே கண் திறப்பார்கள்.

பையன் மெதுவாகக் கேட்டான்: “தாத்தா, அளவை மாத்திச் செய்யலாமுங்களா?”

“சாமிக்கு ஆகாது கண்ணு. ஊருக்கே பொதுவானதை ஒருத்தன் மாத்தக் கூடாது” என்றார் கிழவர். சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டு, பக்கத்தில் கிடந்த ஒரு சில்லுக் கல்லைக் காலால் தள்ளினார். “மிச்சக் கல்லு உன்னுது. அதுல உன்ற இஷ்டம். ஆனா அளவு தெரிஞ்சு போட்டு மாத்து. தெரியாம மாத்துனா அது தப்பு. தெரிஞ்சு மாத்துனா அது வேலை.”

நாம் கல்லூரியில் அழகியல் பற்றிப் படித்த நூல்கள் எதிலும் இவ்வளவு சுருக்கமான சூத்திரத்தைக் கண்டதில்லை.

அனுப்பர்பாளையம்

திரும்பும் வழியில் அனுப்பர்பாளையத்தில் இறங்கினோம். பித்தளைக்கும் செம்புக்கும் பேர் பெற்ற ஊர். குடம், தவலை, அண்டா, குத்துவிளக்கு என்று நம் பாட்டிமார்களின் சீர்வரிசை முழுவதும் இங்கே பட்டறைகளில் பிறந்ததுதான். எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் வந்த பிறகு பட்டறைகள் முன்போல் இல்லை என்றாலும், தகட்டைத் தட்டும் ஓசை இன்னும் நிற்கவில்லை.

செம்புத் தகட்டைத் தீயில் காய்ச்சி, இளகவைத்து, தட்டி வளைக்கிறார்கள். தட்டத் தட்டத் தகடு இறுகிப்போகிறது. மறுபடியும் காய்ச்ச வேண்டும். இல்லாவிட்டால் விரிசல் விடும். இரண்டு பாகங்களையும் சேர்ப்பதற்குப் பற்று வைக்கிறார்கள். பட்டறைக்காரர் ஒருவர் பையனுடைய காளைக் கொம்பைப் பார்த்துவிட்டு, “கம்பியைக் காய்ச்சாம முறுக்கியிருக்கே, அதுதான் நெளிவு வரலே” என்று, அங்கேயே காய்ச்சிக் காட்டினார். கொம்பு தளிர் போல வளைந்தது. பையன் முகத்தில் தோன்றிய பிரகாசத்தைத் தகப்பனார் கவனித்தார். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரே சாலையில், ஐந்தாறு மைலுக்குள், துணி, செம்பு, கல் மூன்றும் கிடைக்கின்றன. மூன்றையும் செய்கிறவர்கள் அண்டை ஊர்க்காரர்கள். ஆயினும் கல்வேலைக்காரர் துணியைத் தொடுவதில்லை. துணிக்காரர் செம்பைத் தொடுவதில்லை. பல பொருள்களைக் கலந்து உருவம் செய்வதே இக்காலச் சிற்பிகள் பலர் கைக்கொண்டிருக்கும் முறை. அந்தக் கலப்பை இந்தப் பையன் யாரும் சொல்லாமலே செய்திருக்கிறான்.

சோழமண்டலம்

கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. அது கிடைக்கக்கூடிய இடம் நமக்குத் தெரிந்து ஒன்று உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை இரவு ரயில் ஏறி மூவரும் சென்னைக்குச் சென்றோம். அங்கிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது சோழமண்டலம் ஓவியர் கிராமம்.

சாலையின் இரைச்சலிலிருந்து உள்ளே நுழைந்தால் மரநிழலும், அங்கங்கே நிற்கும் சிலைகளும், எளிய வீடுகளும் தெரிகின்றன. 1966-ஆம் வருஷம் இதை நிறுவியவர் கே. ஸி. எஸ். பணிக்கர். 1911-இல் அவர் பிறந்தது கோயமுத்தூரில் என்று நாம் சொன்னதும் தகப்பனார் நிமிர்ந்து, “நம்ம கோயமுத்தூருங்களா!” என்றார். அந்தக் கணம் முதல் பணிக்கர் அவருக்கு உறவினராகிவிட்டார்.

பணிக்கருடைய வாழ்க்கையும் சோற்றுக் கேள்வியிலேதான் தொடங்கியது. குடும்பத்தைக் காப்பாற்றுவதற்காக இளமையில் தந்தி இலாகாவில் உத்தியோகம் பார்த்தார். பிறகுதான், 1936-இல், சென்னைக் கலைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். 1850-ஆம் வருஷம் டாக்டர் அலெக்ஸாண்டர் ஹன்டர் என்ற வைத்தியர் தொடங்கிய பள்ளி அது. கடற்கரையில் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அப்போது அதன் தலைவர். அவருக்குப் பின் 1957-இல் பணிக்கரே தலைமைப் பதவிக்கு வந்தார்.

பதவி வந்தது, கவலையும் கூடவே வந்தது. ஆண்டுதோறும் கற்றுத் தேர்ந்து வெளியேறும் மாணவர்கள் என்ன ஆகிறார்கள்? படம் வாங்குவார் இல்லை. சிலை வாங்குவார் அதனினும் இல்லை. வயிற்றுக்காகக் கிடைத்த வேலையில் சேர்ந்து தூரிகையையும் உளியையும் மறந்துவிடுகிறார்கள். திருப்பூர்த் தகப்பனார் நம்மிடம் கேட்ட அதே கேள்வியைப் பணிக்கர் தமக்குத் தாமே கேட்டுக்கொண்டார்.

அவர் கண்ட விடை துணியிலே இருந்தது! ‘பத்திக்’ என்னும் வேலையை மாணவர்களும் நண்பர்களும் மேற்கொண்டார்கள். துணியில் உருக்கிய மெழுகால் சித்திரம் எழுதிச் சாயத்தில் முக்குவது. மெழுகு உள்ள இடத்தில் சாயம் ஏறாது. ஒவ்வொரு வர்ணத்துக்கும் மறுபடி மெழுகு, மறுபடி சாயம். கடைசியில் வெந்நீரில் மெழுகைப் போக்கிவிடுவது. ஓவியர்களின் கைத்தொழிற் சங்கம் ஒன்று ஏற்பட்டது. பத்திக் துணிகளையும் மற்றக் கைவேலைகளையும் விற்றுக் கிடைத்த பணத்தைச் சேர்த்துத்தான் இந்த நிலத்தை வாங்கினார்கள். கைத்தொழில் சோறு போட்டது. மிச்சப் பொழுது கலைக்கு.

தகப்பனார் நடந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டார்.

“துணிக்குச் சாயம் போட்டு வித்தா இந்த நெலத்த வாங்குனாங்க?”

“ஆம்.”

“மெழுகு வெடிச்சா, அந்த வெடிப்புல சாயம் எறங்கி நரம்பு நரம்பா நிக்குமுங்களே?”

“நிற்கும். அதுதான் பத்திக்கின் அழகே என்பார்கள்.”

“நம்ம ஊர்ல அது ரிஜெக்டுங்க” என்றார். வெகு நேரம் அதையே யோசித்துக்கொண்டு வந்தார்.

கிராமத்திலுள்ள கலைக்காட்சி சாலை 2009-இல் திறக்கப்பட்டது. சென்னை இயக்கம் என்று பெயர் பெற்ற அந்தத் தலைமுறையின் படைப்புகளை அங்கே ஒருசேரப் பார்க்கலாம். இங்கே வாழ்ந்த பி. வி. ஜானகிராம் (1930–1995) உலோகத் தகட்டிலே சிற்பம் செய்தவர். தகட்டைத் தட்டி, வெட்டி, மேலே கம்பிகளைப் பற்றவைத்து உருவம் எழுப்பினார். கோயில்களில் மூல விக்கிரகத்துக்குச் சாத்தும் கவசத்தை நினைவூட்டும் வேலை; ஆனால் கவசத்துக்குள் விக்கிரகம் இல்லை, கவசமே விக்கிரகம். பணிக்கரின் குமாரர் எஸ். நந்தகோபால் (1946–2017) முதலில் பௌதிக சாஸ்திரம் படித்தவர். பிறகு சிற்பத்துக்கு வந்து, செம்பையும் பித்தளையையும் பற்றவைத்துப் புராணக் கதைகளைக் கொடிபோல் படரவிட்டார். பையன் இந்தச் சிற்பங்களுக்கு முன்னால் நின்று, “ஸார், இது அனுப்பர்பாளையத்து வேலைங்க!” என்று கூவினான். அது உண்மையே. அந்தப் பட்டறைத் தீயும் தட்டும் பற்றும்தான் இங்கே வேறு உருவம் எடுத்திருக்கின்றன.

வெளியூரிலிருந்து வரும் கலைஞர்கள் சில காலம் தங்கி வேலை செய்வதற்கும் இங்கே வசதி உண்டு. இப்படித் தங்கிச் செய்யும் ஏற்பாடு இன்று உலகமெங்கும் இருக்கிறது. விருந்தாளியாகச் சென்று, புதிய ஊரின் மண்ணையும் மனிதரையும் பழகி, அங்குள்ள பட்டறையில் தன் கைக்குத் தெரியாததைக் கற்றுக்கொண்டு திரும்புவது. குருகுலத்துக்கும் சத்திரத்துக்கும் நடுவே உள்ள ஏற்பாடு என்று தகப்பனாருக்கு விளக்கினோம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இங்கே குடியேறியவர் எல்லோரும் புகழ் பெற்றுவிடவில்லை. தொடக்க நாளில் மணலும் கூரைக் குடிசையுமாக இருந்த இடம் இது, கஷ்ட ஜீவனம்தான். சோழமண்டலம் யாருக்கும் செல்வத்தை வாக்களிக்கவில்லை. கூட்டாக உழைத்தால் கையை விற்றும் மனத்தை விற்காமல் இருக்கலாம் என்று காட்டியது; அவ்வளவுதான்.

கயிறு திரித்த சிற்பி

திரும்பும் ரயிலில் பையன் மேல் பலகையில் படுத்து உறங்கிவிட்டான். தகப்பனார் உறங்கவில்லை. “கல்லு, செம்பு சரிங்க. துணியிலே செஞ்சா சிலைன்னு ஒத்துக்குவாங்களா?” என்றார்.

மிருணாளினி முகர்ஜி என்ற அம்மையாரைப் பற்றிச் சொன்னோம். 1949-இல் பிறந்தவர், சாந்திநிகேதனத்து ஓவியர் வினோத விஹாரி முகர்ஜியின் மகள். பரோடாவில் கே. ஜி. சுப்பிரமணியனிடம் பயின்றவர். சணற்கயிற்றை எடுத்தார், தறியில்லை, முன்வரைந்த படமுமில்லை, முடிச்சு முடிச்சாகப் போட்டுக்கொண்டே போய் ஆள் உயரத்துக்கு யக்ஷிகளையும் வனதேவதைகளையும் எழுப்பினார். நாரைச் சாயத்தில் முக்கி, முடிந்து முடிந்து ஓர் உருவம் முடிய மாதக் கணக்காகும். அது கைவேலையா, சிற்பமா என்று அறிஞர்கள் தர்க்கம் செய்துகொண்டிருந்தார்கள். அவர் முடிச்சுப் போடுவதை நிறுத்தவில்லை. 1996-இல் நெதர்லாந்து தேசத்தில் ஒரு மட்பாண்டக் கலைக்கூடத்தில் விருந்தாளியாகத் தங்கி மண்ணைக் கற்றார்; பின்னர் வெண்கலத்துக்கு வந்தார். 2015-இல், டில்லித் தேசியக் கலைக்கூடத்தில் அவருடைய வாழ்நாள் வேலைகளின் காட்சி திறந்த சில தினங்களிலேயே காலமானார். 2019-இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் காட்சிசாலை அந்தக் கயிற்றுத் தெய்வங்களை வரவழைத்துத் தனிக் காட்சி நடத்தியது.

“கயித்துலயேவா!” என்றார் தகப்பனார். ஈரோடு தாண்டும் வரையில் வேறு வார்த்தை பேசவில்லை.

விடை

நாம் கொடுக்க வேண்டிய விடையை விடியற்காலையில், ஸ்டேஷன் வாசலில் தேநீர் குடிக்கும்போது சொன்னோம்: “சோறு போடுமா என்று கேட்டீர்கள். தானாகப் போடாது. சோற்றுக்கு ஒரு கைத்தொழில் வேண்டும். அது உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. பணிக்கரின் சீடர்கள் பத்திக் போட்டார்கள். உங்கள் பையன் பவர் டேபிள் ஓட்டட்டும். ஆனால் மிச்சப் பொழுதை அவனிடமிருந்து பிடுங்கிவிடாதீர்கள்.”

தகப்பனார் கணக்குப் போடுகிறவர். தேநீர் ஆறும் வரை கணக்குப் போட்டார். பிறகு சொன்னார்: “பன்னெண்டாவது முடிக்கட்டுமுங்க. லீவுல ஓவர்லாக்கும் பிளாட்லாக்கும் கத்துக்கட்டும். அதுக்கப்பறம் பரீட்சை எழுதி, சென்னையோ கும்பகோணமோ மாமல்லபுரமோ, அரசாங்கக் காலேசுல எடம் கெடைச்சாப் போகட்டும். கெடைக்காட்டி என்னைக் குத்தம் சொல்லக் கூடாதுங்க.” எழுந்து நடந்தவர் திரும்பி வந்து, “குடோன்ல ஒரு மூலை காலியா இருக்குதுங்க. வேஸ்ட்டு மூட்டை அங்கதான் கெடக்குது” என்றார்.

இடம் கிடைக்குமா, கிடைக்காதா என்பது இதை எழுதும்போது நமக்குத் தெரியாது. பரீட்சைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் பூண்டிக்குச் சென்று ஸ்தபதியிடம் தாள அளவு கற்கிறான். போன வாரம் அந்தக் குடோனுக்கு நாம் போயிருந்தோம். மூலையில் புதிய காளை ஒன்று பாதி உயரம் எழும்பி நிற்கிறது. செக்கிங் பகுதியைக் கவனிக்கும் நம் பழைய மாணவன் அதற்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, சுண்ணாம்புக் கட்டியால் கால்களின் அளவைச் சிமெண்டில் வரைந்து காட்டிக்கொண்டிருந்தான். நம்மைப் பார்த்ததும் இருவரும் எழுந்து நின்றார்கள்.

“உட்காருங்கள், உட்காருங்கள்” என்று சொல்லிவிட்டு, நாமும் பக்கத்திலிருந்த ஒரு வேஸ்ட் மூட்டைமேல் உட்கார்ந்தோம்.